தோட்டத்தை விட்டுவிட்டு என்ன கிராமச் சுற்றுலா?

ஜொகூருக்கு வருகை தரும் ஆண்டு 2026 என்ற பதாகையும், மலேசியாவுக்கு வருகை தரும் ஆண்டு 2026 என்ற பதாகையும் பக்கத்துப் பக்கத்தில் தொங்குகின்றன. கையேடுகளைப் புரட்டினால் டெசாரு கடற்கரை வருகிறது. லெகோலாந்து, குக்குப் மீனவர் கிராமம், மூவாரின் பழைய தெருக்கள், 1938 முதல் குளுவாங் ரயில் நிலையத்தில் காய்ச்சப்படும் காபி எல்லாம் வருகின்றன. கிராமப்புறம் என்றால் மலாய்க் கம்பத்து வீடு, பழத்தோட்டம், ஆட்டுப் பண்ணை. இந்தியர்களின் பங்கு என்ன? ஜொகூர் பாருவின் கண்ணாடிக் கோயில் ஒரு படம், வாழையிலைச் சாப்பாடு ஒரு படம். அத்தோடு முடிந்தது.

லாயாங் லாயாங், ரெங்கம், பாலோ, லாபிஸ், சிகாமட் என்று இந்த மாநிலத்தின் உட்புறம் முழுவதும் ஒரு காலத்தில் கித்தாக் காடாக நின்றது. அந்தக் காட்டை அழித்ததும் நட்டதும் வெட்டியதும் யார் என்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பெரட்டுக்களம், லயம், பால் ஸ்டோர், ஆயாக்கொட்டகை, மாரியம்மன் கோயில், தமிழ்ப்பள்ளி, கள்ளுக்கடை என்று தனக்கென ஒரு முழு ஊர் அமைப்பை வைத்திருந்த வாழ்க்கை அது. ஜொகூரின் கிராமப்புறத்தைப் பற்றிப் பேசும் நான் பார்த்த கையேடுகளில் இந்த ஊர் ஒரு வரியாகக்கூட இல்லை. இதை மறதி என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. மறதிக்குக் கீழே ஒரு காரணம் இருக்கிறது.

மலேசியாவின் ஹோம்ஸ்டே திட்டம் 1995இல் பகாங், தெமர்லோ அருகே டேசா மூர்னியில் தொடங்கியது. வருகிறவர் விடுதியில் தங்குவதில்லை. வீட்டுக்காரரோடு தங்குகிறார், அவர் சமைத்ததைச் சாப்பிடுகிறார், அவரோடு வயலுக்குப் போகிறார். நல்ல திட்டம்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதில் சேர முதல் தகுதி, சொந்தமாக ஒரு கிராமத்து வீடு. தோட்டத்துத் தமிழனுக்கு எது சொந்த வீடு? லயம் நிர்வாகத்துடையது. வேலை போன மாதமே வீடும் போகும். ஆகவே யாரும் சதி செய்யாமலேயே, ஒரு சட்டமும் நம் பெயரைச் சொல்லித் தடுக்காமலேயே, கிராமச் சுற்றுலாவின் கதவு நமக்கு மூடிக்கிடக்கிறது.

அப்படிப்பட்ட கதவு எப்படித் திறக்கும் என்பதற்கு இந்த இடத்தில் ஜார்ஜியாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். காக்கசஸ் மலையடிவாரத்தில் இருக்கும் அந்தச் சிறிய நாட்டில், 8,000 ஆண்டுகளுக்கு முன்பே திராட்சை மது செய்ததற்கான தடயம் மண்பாண்டச் சில்லுகளில் கிடைத்தது. 2017இல் வெளிவந்த அந்த ஆய்வு, உலகின் மிகப் பழைய மது நாடு என்ற பெயரை அதற்கு உறுதியாக்கியது. அங்கே திராட்சையைத் தோலோடும் கொட்டையோடும், கழுத்துவரை மண்ணில் புதைத்த ஒரு பெரிய மண் பாண்டத்தில் கொட்டி, மூடி, மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். நம் முதுமக்கள் தாழியைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பாண்டத்தின் உருவம் சட்டென்று பிடிபடும். க்வெவ்ரி என்பது அதன் பெயர். அந்த முறையை 2013இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது.

பழமை மட்டும் சோறு போடாது. 2006இல் ரஷ்யா, ஜார்ஜிய மதுவுக்குத் தடை போட்டது. அதுவரை ஏற்றுமதியின் பெரும்பகுதி ரஷ்யாவுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. வேறு நாடாக இருந்தால் கொடியைப் பிடுங்கிவிட்டு வேறு பயிர் வைத்திருக்கும். ஜார்ஜியர்கள் வெளியே போக முடியாத மதுவைத் தேடி வெளியாட்களை உள்ளே வரவழைத்தார்கள். காக்கெத்தி வட்டாரத்துக் குடியானவர்கள் தங்கள் வீட்டுப் பாதாள அறையைத் திறந்து வைத்தார்கள். ரொட்டியும் பாலாடைக்கட்டியும் பரிமாறி, விருந்துக்குத் தலைமை தாங்குகிறவர் வாழ்த்துச் சொல்லிக் கோப்பையைத் தூக்க, வந்தவர்கள் காசு கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். தடை 2013இல் நீங்கியது. அதற்குள் அந்தக் கிராமங்கள் ஊர் உலகத்துக்குத் தெரிந்துவிட்டன.

எப்படி முடிந்தது? விளம்பரம், விமானச் சேவை, யுனெஸ்கோ என்று சுற்றுலா வல்லுநர்கள் அடுக்குவார்கள். நான் ஒரே ஓர் எண்ணைச் சொல்கிறேன்: 1.25. சோவியத் ஆட்சி கலைந்த கையோடு, 1992இல் ஜார்ஜியாவில் நிலச் சீர்திருத்தம் வந்தது. கூட்டுப் பண்ணைகளில் கூலிக்காரனைப்போல உழைத்த கிராமக் குடும்பத்துக்கு 1.25 ஹெக்டேர் வரை நிலம் கிடைத்தது. நம் கணக்கில் மூன்று ஏக்கர். பெரிய நிலமில்லை. அதில் பணக்காரன் ஆக முடியாது. ஆனால் கொடி அவனுடையது, தாழி அவனுடையது, தாழி புதைந்திருக்கும் தரை அவனுடையது. விருந்தாளியை உள்ளே கூப்பிட அவன் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. மற்ற எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. அந்த மூன்று ஏக்கர் இல்லாமல் போயிருந்தால், 8,000 ஆண்டுப் பெருமை ஏதோ ஒரு நிறுவனத்தின் புட்டியில் ஒட்டும் காகிதமாக மட்டும் இருந்திருக்கும்.

அவ்வளவு தூரம் போவானேன், நம் நாட்டிலேயே சரவாக் இருக்கிறது. ஜூன் மாதம் காவாய் திருநாளில் இபான் மக்களின் நீள்வீட்டுக்குப் போகிறவருக்கு வாசலிலேயே துவாக் கொடுக்கிறார்கள். அரிசியில் ஊறிய மது. அதைச் சுற்றுலாத் துறை மறைப்பதில்லை, பெருமையோடு காட்டுகிறது. சபாவில் காமாத்தான் அறுவடைத் திருநாளும் அப்படித்தான். முஸ்லிம்கள் அருந்துவதில்லை, மற்றவர்கள் விருப்பப்பட்டால் அருந்துகிறார்கள், யாருக்கும் குடி முழுகிப்போகவில்லை. அதே நாட்டில், அதே அரசாங்கத்தின் கீழ், தீபகற்பத்துத் தமிழனின் கள் மட்டும் ஏன் சாக்கடை ஓரத்துச் சமாசாரம் ஆனது?

கள்ளின் குணம் தெரிந்தவர்களுக்கு இந்த அநியாயம் இன்னும் உறைக்கும். விரியாத தென்னம்பாளையை இறுக்கிக் கட்டி, மெதுவாகத் தட்டித் தட்டிப் பதப்படுத்தி, நுனியை மெல்லிய சீவலாகச் சீவி, கலயத்தை மாட்டுவார்கள். காலையிலும் மாலையிலும் மரம் ஏறிச் சீவ வேண்டும். ஒரு வேளை தவறினால் பாளை அடைத்துக்கொள்ளும். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் இனிப்புச் சாறு, தடவாவிட்டால் இறக்கும்போதே நுரைத்திருக்கும் கள். காலையில் இனிப்பு, மதியம் கார்ப்பு, மறுநாள் காடி. திராட்சை மதுவைப் புட்டியில் அடைத்துக் கப்பலேற்றலாம். புதுக் கள்ளை ஏற்ற முடியாது. குடிக்க வேண்டுமானால் மரத்தடிக்கு வந்தாக வேண்டும். சுற்றுலாவுக்கென்றே பிறந்த பானம் அது. கேரளம் இதைப் புரிந்துகொண்டது. குட்டநாட்டுக் கள்ளுக்கடைகளில் மீன் கறியும் கப்பையும் சாப்பிட வெளிநாட்டார் குடும்பத்தோடு வருகிறார்கள். நட்சத்திர விடுதிகள் தங்கள் வளாகத்துத் தென்னையிலேயே கள் இறக்கிப் பரிமாறலாம் என்று அந்த மாநிலத்தின் 2023 மதுக்கொள்கை வழி திறந்தது. தமிழ்நாடோ 1987இல் கள்ளை மூடிவிட்டு அரசாங்கமே சீமைச் சரக்கு விற்கிறது. அதைப் பற்றிப் பேசினால் இந்தப் பக்கம் போதாது.

கள் என்றதும் நம்மில் பலர் முகம் சுளிப்பார்கள் என்பது தெரியும். "கள்ளு குடிச்சுத்தான் நாம நாசமாப் போனோம்" என்பார்கள். அவர்களுக்கு வரலாறு பாதிதான் தெரியும். 1941 கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் ஆர்.எச். நாதனும் தோழர்களும் வைத்த கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூடு என்பதும் ஒன்று. துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழி என்பதும் அதே பட்டியலில் இருந்தது. 1947இல் கெடா, பீடோங் அருகே ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி திரட்டிய தொண்டர் படை கள்ளுக்கடைகளை மறித்து நின்றது. கைதும் உயிர்ப்பலியும் கண்ட போராட்டம் அது. அவர்கள் எதிர்த்தது பாளையில் சொட்டும் சாற்றை அல்ல. மரம் நிர்வாகத்துடையது, கடை நிர்வாகத்துடையது, உரிமம் அரசாங்கத்துடையது. காலையில் கொடுத்த கூலியைச் சாயங்காலம் கலயத்தில் ஊற்றித் திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு. இபான்காரர் தன் நெல்லில், தன் வீட்டில், தன் விருந்தாளிக்கு வடித்த மது மரியாதையானது. நம் தாத்தா துரையின் கடையில் தகரக் குவளையில் வாங்கிக் குடித்தது அவமானமானது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் வேறுபாடு, மண் யாருடையது என்பது மட்டுமே. சம்சு என்ற மலிவுச் சாராயத்தால் குடும்பங்கள் அழிந்தது உண்மை. அதற்காகத் தென்னை மரத்தைக் கூண்டில் ஏற்றுகிறவர்களோடு எனக்கு வாதாட ஒன்றுமில்லை.

இன்னொரு கூட்டம், தனியார் நிறுவனங்களிடம் விட்டால் தோட்டச் சுற்றுலா தானாக வளரும் என்கிறது. இலங்கை மலையகத்தைப் போய்ப் பார்க்கட்டும். கந்தப்பளையில் ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலையே உயர்தர விடுதி ஆகியிருக்கிறது. பொகவந்தலாவைப் பக்கம் துரைமார் பங்களாக்களில் ஓர் இரவு தங்கப் பல நூறு டாலர். காலையில் சன்னலைத் திறந்தால் கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்களின் வரிசை பச்சை மலைச்சரிவில் அழகாகத் தெரியும். அந்தப் பெண்களின் நாட்கூலி 1,000 ரூபாயை எட்டியதே 2021இல்தான். அவர்களில் பலர் இன்னும் வெள்ளைக்காரன் காலத்து லயத்து அறைகளில் இருக்கிறார்கள். சுற்றுலா வந்தது, பங்களாவுக்குப் புது வண்ணம் பூசியது, லயத்தைத் தொடாமல் போய்விட்டது. மண்ணைக் கொடுக்காமல் சுற்றுலாவைக் கொண்டுவந்தால் உழைப்பாளி காட்சிப் பொருளாவான். அதுவும் சம்பளமில்லாத காட்சிப் பொருள்.

மண் கொடுக்க இந்த நாட்டுக்குத் தெரியாதா? 1956இல் தொடங்கிய பெல்டா என்ற அரசாங்க நிலக் குடியேற்றத் திட்டம், ஒரு குடியேறிக்குப் பத்து ஏக்கர் பயிர் நிலமும் வீட்டுக்குக் கால் ஏக்கரும் கொடுத்தது. சுமார் 1,12,000 குடும்பங்கள், பெரும்பாலும் மலாய்க்காரர்கள், அப்படி நிமிர்ந்தார்கள். அது நியாயமான காரியம், வறுமைக்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது. அந்த மருந்து ஏன் அடுத்த தோட்டத்து லயத்துக்கு வரவில்லை என்பதே கேள்வி. பெல்டாக்காரரும் செம்பனை வெட்டினார், நம்மவரும் செம்பனை வெட்டினார். ஒருவர் பிள்ளைக்கு நிலம் விட்டுப்போனார். மற்றவர் பிள்ளை மூட்டை முடிச்சோடு தம்போய்த் தொழிற்பேட்டைக்கு வந்து மலிவு வீட்டில் வாடகைக்கு ஏறினான். அங்கிருந்து எட்டும் தூரத்தில் இருந்த ரினி தோட்டம் இன்று முத்தியாரா ரினி என்ற தாமான். வெட்டுமரங்கள் நின்ற இடத்தில் இரட்டை மாடி வீடுகள் நிற்கின்றன, தமிழ்ப்பள்ளி மட்டும் தோட்டத்தின் பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறது. அந்தத் தோட்டத்தில் பால் வெட்டியவர்களில் எத்தனை பேருக்கு அங்கே ஒரு வீட்டு மனையாவது கிடைத்தது என்று நம் தலைவர்களில் யாராவது சட்டமன்றத்தில் கேட்கட்டும்.

நம் கையிலும் ஒன்று இருக்கிறது, அதை நாம் மறந்துவிடுகிறோம். தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்த காலத்தில், 1960இல், துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளி என்று பால்வெட்டுத் தொழிலாளர்களிடம் சேர்த்த பணத்தில் தோட்டங்களையே விலைக்கு வாங்கினார். தொழிலாளி தோட்டத்துக்குப் பங்குதாரன் ஆன இடம் அது. இந்த நாட்டில் தமிழ்த் தோட்டச் சுற்றுலா என்று ஒன்று பிறக்க வேண்டுமானால் அங்கேதான் பிறக்க வேண்டும். சங்கம் தன் தோட்டம் ஒன்றில் ஒரு லய வரிசையைப் பழுது பார்க்கட்டும். விடியற்காலையில் பெரட்டுக்குக் கூப்பிடட்டும். வந்தவர்கள் கையில் உளியைக் கொடுத்து, பட்டையில் கோடு எப்படி விழ வேண்டும், மங்கு எங்கே நிற்க வேண்டும் என்று ஓய்வுபெற்ற பால்வெட்டுக்காரப் பாட்டி சொல்லித்தரட்டும். சம்பளத்தோடு.

வருவார்களா என்று கேட்பார்கள். ஜொகூர் பாருவின் புக்கிட் சாகாரையும் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸையும் இணைக்கும் ஆர்டிஎஸ் ரயில், மணிக்கு ஒரு திசையில் 10,000 பேரை ஏற்றக்கூடியது. அக்கரைத் தமிழர்களில் எத்தனையோ பேரின் தாத்தாவும் பாட்டியும் ஜொகூர்த் தோட்டங்களில் பால் வெட்டியவர்கள். அந்த லயம் எது, அந்தக் கோயில் எது என்று பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட அவர்களுக்கு இன்று ஓர் இடமில்லை. பேரங்காடிக்கும் கார் கழுவுவதற்கும் வருகிறவர்கள், தங்கள் வேரைப் பார்க்க வரமாட்டார்களா? இளைஞர்களுக்குத் தோட்டம் என்றால் வெறுப்பு என்று சொல்பவர்கள், கூலியாக இருந்த தோட்டத்தையே பார்த்தவர்கள். உரிமையாளராக இருக்கும் தோட்டத்தை அந்த இளைஞர்களுக்கு யாரும் காட்டியதில்லை.

ஆகவே மாநில அரசாங்கத்திடம் ஒரு கோரிக்கை. ஜொகூரில் இனி எந்தத் தோட்டம் வீடமைப்புக்கோ தொழிற்பேட்டைக்கோ மாற்றப்பட்டாலும், கோயில், பள்ளி, பெரட்டுக்களம், ஒரு லய வரிசை ஆகியவற்றைச் சேர்த்துப் பத்து ஏக்கரை ஒதுக்கி, அங்கே வேலை செய்தவர்களின் கூட்டுறவுக்குப் பட்டா எழுதிக் கொடுக்க வேண்டும். நில மாற்று அனுமதிக்கு இதுவே முதல் நிபந்தனை. அங்கே நடக்கும் விருந்தோம்பல் ஹோம்ஸ்டே திட்டத்தில் சேர வேண்டும். அந்த மண்ணில் வளர்ந்த தென்னையில் இறக்கிய கள்ளை, முஸ்லிம் அல்லாத பெரியவர்களுக்கு அங்கேயே பரிமாற உரிமம் வேண்டும். சரவாக்கின் துவாக்குக்கு இருக்கும் மரியாதைக்கு ஒரு குண்டுமணி கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். இதைச் செய்தால், விடியற்காலை நான்கு மணிக்கு மோட்டார் சைக்கிளில் பாலத்தைத் தாண்டி ஓடும் நம் பிள்ளைகளில் பாதிப்பேர் பத்தாண்டில் ஜொகூரிலேயே முதலாளியாக நிற்பார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஜொகூரின் பத்து ஏக்கர் சட்டமாவதற்கு நாள் பிடிக்கலாம். கூட்டுறவுச் சங்கத்துக்கு அந்தச் சாக்கு இல்லை. நிலம் அதன் பெயரில் இருக்கிறது. எந்தத் தோட்டம், எந்த லயம் என்பதை இந்த வருகை ஆண்டு முடிவதற்குள் சங்கம் அறிவிக்கட்டும்.