கத்தரிக்காய்க்கு உள்ள மரியாதை

ஞாயிற்றுக்கிழமை காந்தி மார்க்கெட்டுக்குக் காய் வாங்கப் போகும் இளைஞர்கள், கூறு கட்டிய கத்தரிக்காயை செல்போனில் நாலு கோணத்தில் படம் எடுக்கிறார்கள். அதை விற்கும் அம்மாவை எடுப்பதென்றால் மட்டும் தூர நின்று, திருடன் மாதிரி ஒரு க்ளிக். படத்தில் அவர் காது மட்டும் தெளிவாக இருக்கும்!

1858-ல் லின்னேயஸ் ட்ரைப் என்ற வெள்ளைக்கார ராணுவ அதிகாரி திருச்சி மலைக்கோட்டையைப் படம் பிடித்தார். வெளிச்சம் பதியவே நெடுநேரம் ஆகும் காலம். கோட்டை அசையாது, விழுந்துவிட்டது. மனுஷன் நடமாடினால் விழமாட்டான். நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. ஆகவே...

ஒன்று: கேளுங்கள். "அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கவா?" கால் கிலோ தக்காளி வாங்கிவிட்டுக் கேட்பது உத்தமம். வேணாம் என்றால் விட்டுவிடுங்கள். சரி என்றால் முந்தானையைச் சரிசெய்து விறைப்பாகப் பார்ப்பார். அதையும் எடுங்கள், அது அவருக்குப் பிடித்த படம். பிறகு தராசைத் தூக்குவார். அப்போது எடுப்பது உங்களுக்கு.

இரண்டு: உட்காருங்கள். தரையில் கடை விரித்தவரை நின்றபடி எடுத்தால் வகிடுதான் தெரியும்.

மூன்று: உச்சி வெயில் கண்ணுக்குக் கீழே கரி அப்பும். காலை 7 மணிக்குப் போங்கள், இல்லையா, நிழலின் ஓரத்துக்கு அழையுங்கள். நீலத் தார்ப்பாய்க்கு நேர் கீழே வேண்டாம். ஆள் கிருஷ்ணர் வேஷம் போட்ட மாதிரி ஆகிவிடுவார்.

நாலு: முகத்தருகே போனை நீட்டினால் மூக்கு புடைக்கும். நாலைந்து அடி தள்ளி நின்று, 2 எக்ஸ் வைத்து எடுங்கள். அதற்கு முன் லென்ஸில் இருக்கும் பஜ்ஜி எண்ணெயைத் துடையுங்கள் சாமி!

பழகத்தான் மார்க்கெட். பரீட்சை வீட்டில். நம் வீடுகளில் ஒருவர் போன பிறகுதான் அவர் போட்டோவைத் தேடுகிறோம். கிடைப்பது ரேஷன் கார்டு படம், அல்லது யாரோ கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோவில் வெட்டியது. மாலை போட்ட சட்டத்துக்குள் பக்கத்து மாமாவின் தோளும் சேர்ந்து தொங்கும்.

காய்ப் பையை வாங்கிக்கொண்டு அம்மா ஜன்னலோரம் நறுக்க உட்காருவார் இல்லையா? எதிரே நீங்களும் உட்காருங்கள். "சிரிம்மா" என்று சொல்லாதீர்கள். கத்தரிக்காய் விலையைச் சொல்லுங்கள், போதும்.

"ஏமாந்துட்டு வந்தியாடா?" என்று நிமிர்வார். அமுக்குங்கள்.

மறக்காமல் பிரிண்ட் போடுங்கள். மார்க்கெட் அக்காவுக்கும் ஒரு காப்பி!