செஞ்சிக் கோட்டைக்கு நாயைக் கூட்டிப்போகலாமா?

2025 ஜூலையில், மராத்தியர் காலக் கோட்டைகள் பன்னிரண்டை ஒரே தொகுப்பாக யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதில் தமிழ்நாட்டுக் கோட்டை செஞ்சி ஒன்றுதான். அங்கே சென்னையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் காரில் வருகிறவர்களில் சிலர், வீட்டு நாயையும் கூட்டிவருகிறார்கள். நாயைப் பூட்டிய வீட்டில் விட்டுவர மனமில்லாதவர்கள் இவர்கள். அந்த அன்பில் குறைசொல்ல எதுவும் இல்லை. வாசலில் "நாய்க்கு அனுமதி இல்லைங்க" என்று சொன்ன பிறகு நடப்பதுதான் கவலை தருகிறது. இவ்வளவு தூரம் வந்தாயிற்று, சீக்கிரம் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று, கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கிவைத்து, நாயைக் காருக்குள்ளேயே விட்டுவிட்டு மலையேறப் போய்விடுகிறார்கள்.

கோட்டை மலைகளில் ஒன்றான ராஜகிரி ஏறத்தாழ 800 அடி உயரம். ஏறி இறங்க இரண்டு மணி நேரமாவது ஆகும். நிறுத்திய கார்களுக்குள் வெப்பம் எப்படி ஏறுகிறது என்று 2005-ல் அமெரிக்காவில் அளந்து பார்த்தார்கள். ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் கூடியது. அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணியிலேயே கூடிவிட்டது. கண்ணாடியைச் சற்று இறக்கிவைத்ததால் சொல்லும்படியான வித்தியாசம் எதுவும் இல்லை. வெளியே 33 டிகிரி இருக்கும் ஒரு சாதாரண மார்ச் மாதக் காலையில் உள்ளே என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். மர நிழலில் நிறுத்தினாலும், இரண்டு மணி நேரத்தில் நிழல் நகர்ந்துவிடும்.

ஆகவே அனுமதி பற்றிய விவரம் வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். செஞ்சிக் கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னம். அத்தகைய சின்னங்களுக்கான 1959-ஆம் ஆண்டு விதிகளில் எட்டாவது விதி, பராமரிப்பு வேலைக்குத் தவிர வேறு எதற்காகவும் எந்த விலங்கையும் உள்ளே கொண்டுவரக் கூடாது என்கிறது. ஆடு, மாடு, குதிரை, நாய் எல்லாமே இதில் அடக்கம். இது வாசல் காவலர் தம் இஷ்டத்துக்குத் தளர்த்தவோ இறுக்கவோ கூடியதும் அல்ல. அவரோடு வாக்குவாதம் செய்வதில் பயனில்லை.

விதி இல்லாவிட்டாலும் அந்த மலை நாய்க்கு உகந்தது அல்ல. நாய்க்கு உடம்பெங்கும் வியர்க்காது. பாதத்தின் அடிப்பகுதியில் மட்டும் சிறிது வியர்க்கும். நாக்கைத் தொங்கவிட்டு இளைப்பதுதான் சூட்டைத் தணிக்க அதற்குள்ள முக்கிய வழி. வாயிலும் மூக்கிலும் உள்ள ஈரம் ஆவியாகும்போது உடல் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. சுற்றிலும் காற்று உடலைவிடச் சூடாக இருந்தால் இந்த ஒரு வழிதான் மிஞ்சும். செஞ்சி மலைகளோ கருங்கல் உருண்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தவை. காலையில் ஏறிய சூட்டைப் பாறை மாலை வரை கக்கிக்கொண்டே இருக்கும். நம் முகம் தரையிலிருந்து ஐந்தடி மேலே இருக்கிறது, செருப்பும் போட்டிருக்கிறோம். நாயின் மார்போ பாறைக்கு ஒன்றரை அடி உயரத்தில் இருக்கிறது, பாதமோ நேரே கல்மேல் படுகிறது. புறங்கையைப் பாறையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். வைத்திருக்க முடியவில்லை என்றால் அந்தப் பாறை நாய் நடக்க ஏற்றதல்ல.

நாயின் இயல்பான உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி வரை. அது 41-ஐத் தாண்டும்போது மூளை, குடல், சிறுநீரகம் எல்லாம் பழுதாகத் தொடங்குகின்றன. அதற்கு முன்பே அறிகுறிகள் தெரியும். நாக்கு அகன்று கருஞ்சிவப்பாகும், எச்சில் கெட்டியாகும், பின்னங்கால் தள்ளாடும், கூப்பிட்டால் திரும்பாது. இதில் நாய்க்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. முடியவில்லை என்று அது சொல்லாது. எஜமானர் முன்னால் நடக்கும்வரை பின்னாலேயே வரும். எனவே நிறுத்தும் பொறுப்பு கயிற்றைப் பிடித்திருப்பவருடையது.

மூக்கு சப்பையான இனங்களுக்கும் அடர்ந்த ரோமம் கொண்ட இனங்களுக்கும் ஆபத்து பல மடங்கு. பக், பிரெஞ்சு புல்டாக் போன்றவற்றின் மூச்சுப்பாதையே குறுகலானது. இளைப்பதே அவற்றுக்குப் பெரும் உழைப்பு. தமிழக அரசு 2024-ல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட், பக் உள்ளிட்ட பதினோரு இனங்களை நம் தட்பவெப்பத்துக்கு ஏற்றவை அல்ல என்று பட்டியலிட்டது. கொள்கையின் மற்ற பகுதிகளைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் வாதிடலாம், ஆனால் அதற்குச் சொன்ன காரணம் சரியானது. நாட்டு இனங்களான சிப்பிப்பாறையும் கன்னியும் ஒல்லி உடலும் குட்டை ரோமமும் நீண்ட மூக்குமாக இந்த வெயிலுக்கென்றே வார்த்தவை. என்றாலும் மதியப் பாறையில் அவையும் நிற்கக் கூடாது.

செஞ்சிக்குத் தெற்கே உள்ள பனமலைக்கும் இதே கேள்வி வருகிறது. ஏரிக்கரையில் ஒரு சிறு குன்று; அதன்மேல் ராஜசிம்ம பல்லவன் எட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் எழுப்பிய தாளகிரீசுவரர் கோயில். சிறு கருவறை ஒன்றின் சுவரில், குடைக்குக் கீழே ஒரு காலை மடித்து ஒயிலாக நிற்கும் உமையின் ஓவியம் இன்னும் மிஞ்சியிருக்கிறது. பைரவருக்கு நாய் வாகனமாயிற்றே, கோயிலில் மட்டும் ஏன் விடக் கூடாது என்று சிலர் கேட்கிறார்கள். நாயை இழிவாக நினைத்த மண் அல்ல இது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்றில் வீரனுக்குப் பக்கத்தில் அவனுடைய நாயையும் செதுக்கி, அதன் பெயர் கோவிவன் என்றும், அது இரண்டு கள்வரைக் கடித்துக் காவல் நின்றது என்றும் எழுதிவைத்திருக்கிறார்கள். ஆனால் வழிபடும் இடத்துக்கென்று ஊர்க்காரர் காத்துவரும் ஒழுங்கு ஒன்று உண்டு. விருந்தாளியாகப் போகிறவர் அதற்கு உட்பட்டுத்தான் ஆக வேண்டும். இரண்டு பேராகப் போனால் ஒருவர் நாயோடு கீழே நிழலில் இருக்க, மற்றவர் மேலே போய்வரலாம். பிறகு முறை மாற்றிக்கொள்ளலாம்.

ஏரிக்கரை நடைக்கு நல்ல இடம், விடிந்து இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட்டால். கயிற்றை மட்டும் அவிழ்க்காதீர்கள். ஊர் நாய்களுக்கு அது அவற்றின் எல்லை. புது நாயைக் கண்டால் கூட்டமாக வரும். மேய்ச்சல் ஆடுகள் மிரண்டால் நஷ்டம் மேய்ப்பவருக்கு. வயலோரம் காட்டுப்பன்றிக்காகச் சட்டவிரோதமாக இழுத்த மின்கம்பியும், தின்பண்டத்துக்குள் வைத்த அவுட்டுக்காய் என்ற வெடியும் இருக்கலாம். மோப்பம் பிடித்துக் கடிக்கும் நாய்க்கு அவுட்டுக்காய் என்றால் தாடையே போய்விடும். கல் இடுக்குகளில் கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் உண்டு. வீடு திரும்பியதும் காது மடல், விரலிடுக்கு, வாலடி மூன்றிலும் உண்ணி தேடிப் பாருங்கள். எர்லிக்கியா, பெபிசியா காய்ச்சல்கள் உண்ணிக் கடியால்தான் நாய்க்கு வருகின்றன.

காப்புக்காடுகள் வேறு கணக்கு. செஞ்சியை ஒட்டிய பக்கமலைக் காட்டுக்குள் வனத்துறை அனுமதியின்றி மனிதரே போக முடியாது, நாயைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நாயைத் தடுக்க முக்கியக் காரணம் நோய். 1994-ல் ஆப்பிரிக்காவின் செரங்கெட்டியில் டிஸ்டெம்பர் என்ற நாய் நோய் பரவி, அங்கிருந்த சிங்கங்களில் மூன்றில் ஒரு பங்கு மாண்டது. சுற்றுக் கிராமங்களின் நாய்களிடமிருந்து வந்ததாகவே ஆய்வாளர்கள் கருதினர். 2018-ல் கிர் காட்டிலும் அதே நோய் சிங்கங்களைக் கொன்றது. நம் காட்டு நரிகளுக்கும் அது வரும்.

தீவுகளில் இன்னும் கண்டிப்பு. வெறிநோய் இல்லாத லட்சத்தீவுக்கு வளர்ப்பு நாயைக் கொண்டுபோகவே அனுமதி கிடையாது. ஹவாய்த் தீவுகளில், தடுப்பூசியும் ரத்தப் பரிசோதனையும் முன்கூட்டியே முடிக்காத நாயை 120 நாள் வரை தனியே வைத்துவிடுவார்கள். தீவுகளில் நாயின் உடம்புக்கும் சிரமம் உண்டு. கடற்காற்றில் ஈரம் மிகுதி என்பதால் இளைத்தாலும் நாக்கின் ஈரம் எளிதில் ஆவியாகாது. வெயில் குறைவாகத் தெரியும் தீவுப் பாதையிலும் நாய் மயங்கி விழுவது இதனால்தான். ராமேசுவரத்துக்குப் போகிறவர்களும் இதை நினைவில் வைக்க வேண்டும்.

நாயோடு ரயிலில் போவதென்றால் முதல் வகுப்பில் கூபே முழுவதையும் பதிவு செய்ய வேண்டும், அல்லது கார்டு பெட்டியிலுள்ள நாய்க்கூண்டில் விட வேண்டும். கோடையில் அந்தக் கூண்டு வேண்டாம். எப்படிப் போனாலும் வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று கையில் இருக்கட்டும்.

இத்தனைக்குப் பிறகும் நாய் வெயிலில் சுருண்டு விழுந்தால், காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு மருத்துவரிடம் விரைவதுதான் பலருக்கு முதலில் தோன்றும். இப்போதைய கால்நடை மருத்துவ அறிவுரை வேறு: முதலில் குளிரவைக்க வேண்டும், பிறகுதான் கொண்டுபோக வேண்டும். நிழலுக்குத் தூக்கிப்போய், கையில் இருக்கும் தண்ணீரை உடம்பு முழுக்க, முக்கியமாக வயிற்றிலும் தொடையிடுக்கிலும் ஊற்றி, துண்டால் விடாமல் விசிற வேண்டும். ஈரத்துணியைப் போர்த்தி அப்படியே விட்டால் சூடு உள்ளே தங்கிவிடும். நினைவு தப்பிய நாயின் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். இளைப்பு சற்றுத் தணிந்ததும், ஏசி போட்ட காரில் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். எழுந்து நடந்து வாலை ஆட்டினாலும் அன்றே காட்டிவிட வேண்டும். சிறுநீரகமும் குடலும் பட்ட அடி மறுநாளோ அதற்கு அடுத்த நாளோதான் வெளியே தெரியவரும்.