தாயக்கட்டையும் நாலு நம்பரும்



இம்முறை வந்த தபாலில் லாயாங் லாயாங்கிலிருந்து ஒரு சகோதரியின் கடிதம் இருந்தது. மலாயில் அந்த ஊர்ப் பெயருக்குப் பட்டம் என்று பொருள். ஜொகூரில் ரெங்கத்துக்குத் தெற்கே ரயில் பாதையோரம் இருக்கும் சின்ன டவுன், சுற்றிலும் தோட்டங்கள். சகோதரி செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்குகிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருப்பதால் போடவில்லை.

அவர் கேட்டிருப்பவை இரண்டு. மகள் ஐந்தாம் படிவம். கூடுதல் கணிதத்தில் 'தாபுரான் கெபாராங்காலியான்' என்ற பாடம் அந்தப் பெண்ணுக்குப் பிடிபடவில்லையாம். இன்னொன்று வீட்டுக்காரரைப் பற்றியது. தம் தகப்பனார் இறந்த தேதியை வைத்து ஒரே நம்பரை நாலு வருஷமாக எடுக்கிறார். புதன், சனி, ஞாயிறு என்று வாரம் மூன்று குலுக்கல், ஒவ்வொன்றுக்கும் ஐந்து வெள்ளி. ஒரு தடவைகூட அடிக்கவில்லை. "இத்தனை நாள் வராததால் இனி வந்தே தீரும், இப்போது நிறுத்தினால் அடுத்த வாரமே வந்துவிடும்" என்கிறாராம். இது சரியா என்று சகோதரி கேட்கிறார்.

இரண்டுக்கும் பதில் ஒரே கணக்கில் இருக்கிறது. வீட்டில் தாயக்கட்டை இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கட்டைக்கு நாலு முகம்: ஒரு புள்ளி, இரண்டு, மூன்று, ஒன்று வெறுமை. இரண்டு கட்டைகளைச் சேர்த்து உருட்டினால் நாலுக்கு நாலு, பதினாறு விதமாக விழலாம். இரண்டும் வெறுமையாக விழுவது ஒரே விதம். அதைத்தான் பன்னிரண்டு என்கிறோம். தாயம் விழ இரண்டு வழி உண்டு: இந்தக் கட்டையில் ஒன்று அந்தக் கட்டையில் வெறுமை, அல்லது மாற்றி. இரண்டு விழ மூன்று வழி, மூன்று விழ நாலு வழி, நாலு விழ மூன்று, ஐந்து விழ இரண்டு, ஆறு விழ ஒன்று. கூட்டிப் பாருங்கள், பதினாறு சரியாக வரும்.

மகளின் பாடம் இவ்வளவுதான். என்னென்ன விழலாம் என்று ஒரு வரிசை, ஒவ்வொன்றும் பதினாறில் எத்தனை பங்கு என்று அதன் கீழே இன்னொரு வரிசை. இந்த அட்டவணைக்குத்தான் நிகழ்தகவுப் பரவல் என்று பெயர். தாயத்தில் இரண்டரை விழாது; இரண்டு விழும், இல்லாவிட்டால் மூன்று விழும். இப்படித் தனித்தனியாக எண்ணக்கூடியதாக இருந்தால் தனிநிலைப் பரவல். வெட்டுமரத்துப் பால் எடை அப்படியல்ல. பதினாலு கிலோவுக்கும் பதினைந்துக்கும் நடுவில் எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம். இந்தக் கணக்குகளை ஆழமாக ஆராய்ந்தவர்களில் ஒருவர் சுவிட்சர்லாந்துக்காரர் யாக்கோப் பெர்னூலி. அவர் இறந்து எட்டு வருஷம் கழித்து, 1713-இல்தான் அவர் நூல் அச்சில் வந்தது.

தாயம் போடாமல் காய் இறங்காது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எட்டில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதால் எட்டு தடவை உருட்டினால் ஒரு தாயம் நிச்சயம் என்று நினைப்பீர்கள். இல்லை. ஒரு தடவை தவறுவதற்கு எட்டில் ஏழு பங்கு. எட்டு தடவையும் தவற, அந்த எட்டில் ஏழை எட்டு முறை பெருக்க வேண்டும். நூற்றுக்கு 34 வருகிறது. மூன்று பேர் விளையாடினால் ஒருவர் எட்டு உருட்டலுக்குப் பிறகும் வெளியில்தான் உட்கார்ந்திருப்பார்! பாட்டி காலத்திலிருந்து இதற்குக் கட்டையைத்தான் திட்டி வருகிறோம்.

இப்போது நாலு நம்பருக்கு வருவோம். நம் நாட்டில் மெக்னம் நிறுவனம் 1969-இல் தொடங்கியது. 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் நம்பர்; ஒரு குலுக்கலில் 23 நம்பர்களுக்குப் பரிசு. 'பெரிசு' என்று ஒரு வெள்ளி கட்டினால் முதல் பரிசு 2500 வெள்ளி, இரண்டாவது 1000, மூன்றாவது 500. அடுத்த பத்து நம்பர்களுக்கு 180 வெள்ளி, கடைசிப் பத்துக்கு 60 வெள்ளி. மீதி 9977 நம்பர்களுக்கு ஒன்றுமில்லை. பார்த்தீர்களா, இதுவும் தாயக்கட்டை அட்டவணையேதான், பதினாறுக்குப் பதில் பத்தாயிரம்.

பத்தாயிரம் நம்பரையும் ஒருவரே ஒரு வெள்ளி வீதம் வாங்கினால் எவ்வளவு திரும்பும்? 2500, 1000, 500, பத்து 180, பத்து 60. மொத்தம் 6400 வெள்ளி. கட்டியது பத்தாயிரம். ஆக, ஒரு வெள்ளிக்குச் சராசரி 64 காசு. பாடப் புத்தகம் இதை எதிர்பார்ப்பு மதிப்பு என்கிறது. 'சின்னது' கட்டினால் முதல் மூன்று நம்பருக்கு மட்டுமே பரிசு: 3500, 2000, 1000. அதிலும் 65 காசுதான். நாலு எண்களையும் மாற்றி மாற்றி 24 விதமாக எழுதி எடுப்பவர்கள் 24 வெள்ளி கட்டி, சராசரி 15 வெள்ளி 36 காசு திரும்பப் பெறுகிறார்கள். விபத்துக்குள்ளான காரின் நம்பர், கனவில் வந்த நம்பர், சாமி வந்து சொன்ன நம்பர் எல்லாவற்றுக்கும் இதே 64 காசுதான்.

"அடுத்த லயத்துக்காரருக்கு அடித்ததே!" என்பீர்கள். அடிக்கும். சராசரி 64 காசு என்றால் யாரும் 64 காசு வாங்குவதில்லை. பெரும்பாலோருக்குப் பூஜ்யம், யாரோ ஒருவருக்கு 2500. இந்தச் சிதறலை அளக்க நியம விலக்கம் என்று ஒரு கணக்கு உண்டு. இங்கே அது சுமார் 28 வெள்ளி வருகிறது. 64 காசுக்கு 28 வெள்ளிச் சிதறல்! அடித்தவர் பெயர் தோட்டம் முழுக்கத் தெரிகிறது. அடிக்காதவர் கணக்கை யார் எழுதி வைத்தார்கள்?

சகோதரி, உங்கள் வீட்டுக்காரரின் கணக்கை நான் எழுதிப் பார்த்தேன். நாலு வருஷத்தில் 624 குலுக்கல். ஒவ்வொன்றிலும் பத்தாயிரத்தில் 23 பங்கு வாய்ப்பு. 'அடித்தது, அடிக்கவில்லை' என்று இரண்டே முடிவுள்ள ஒன்றைத் திரும்பத் திரும்பச் செய்தால் எத்தனை தடவை அடிக்கும் என்று சொல்வதுதான் மகளின் பாடத்திலுள்ள ஈருறுப்புப் பரவல். அதன்படி, அவரைப் போலவே நாலு வருஷம் எடுத்த நூறு பேரை வரிசையில் நிறுத்தினால் ஏறக்குறைய 24 பேருக்கு ஒன்றுமே அடித்திருக்காது. 34 பேருக்கு ஒரு தடவை, 25 பேருக்கு இரண்டு தடவை, 17 பேருக்கு அதற்கு மேல். அடித்தவர்களிலும் பெரும்பாலோர் 60, 180 கண்டவர்களே. நூறில் 94 பேர் முதல் பரிசைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆகவே அவருக்குத் தனியாக ஒரு துரதிர்ஷ்டமும் இல்லை, தகப்பனார் கோபித்துக்கொள்ளவும் இல்லை.

வராத நம்பர் வந்தே தீர வேண்டுமா? குலுக்கும் உருண்டைக்கு ஞாபகம் கிடையாது. அடுத்த புதன்கிழமையும் அதே பத்தாயிரத்தில் 23தான். நிறுத்திய வாரமே வந்துவிட்டால் என்ற பயத்துக்கும் கணக்கு உண்டு. ஒரு வாரத்தில் மூன்று குலுக்கல், பத்தாயிரத்தில் சுமார் 69. நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. வந்தாலும் அது 60 வெள்ளியாகவோ 180 வெள்ளியாகவோ இருக்கத்தான் அதிக இடம்.

நாலு வருஷத்தில் கட்டியது 3120 வெள்ளி. சராசரிப்படி திரும்ப வேண்டியது 1996 வெள்ளி 80 காசு. அவருக்கு அதுவும் வரவில்லை. இதை அவரிடம் சண்டையாகச் சொல்லாதீர்கள். மகள் பரீட்சைக்குப் படிக்கும் சாக்கில் அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவருடைய நம்பரையே உதாரணமாகப் போட்டுக் காட்டட்டும்.

அதற்கு முன்னால் கட்டையை 160 தடவை உருட்டி எழுதச் சொல்லுங்கள். கணக்குப்படி மூன்று 40 தடவை, தாயம் 20 தடவை, பன்னிரண்டு 10 தடவை. அச்சாக அப்படி விழாது. பன்னிரண்டு ஏழு தடவை விழுந்தாலும் பதின்மூன்று தடவை விழுந்தாலும் கட்டை நல்ல கட்டைதான். ஒன்றுமே விழாவிட்டால் மட்டும் முகத்தைத் திருப்பிப் பாருங்கள், யாராவது ஒரு பேரப்பிள்ளை வெறும் பக்கத்தில் புள்ளி வைத்திருப்பான்.