திட்டக்கட்டுரை என்னும் சடங்கு

முதுகலைத் தமிழ் பயில்வோர் இறுதிப் பருவத்தில் திட்டக்கட்டுரை ஒன்றை ஆய்ந்து எழுத வேண்டும். இது பாடத்திட்டத்தின் வாசகம். பல இடங்களில் நடப்பது வேறு. கல்லூரிக்கு அருகிலுள்ள கணினி மையத்தில் சென்ற ஆண்டின் கோப்பு காத்திருக்கும். நாவலாசிரியரின் பெயரை மாற்றினால் போதும். முன்னுரை, ஆசிரியர் வாழ்வும் படைப்பும், பெண் பாத்திரங்கள், சமுதாயச் சிக்கல்கள், முடிவுரை. ரெக்சின் அட்டை, பொன்னிற எழுத்து. வாய்மொழித் தேர்வன்று புறத்தேர்வாளர் ஊன்றிப் படிப்பது நன்றியுரையை மட்டுமே. பொறியியல் துறையில் இந்த வெட்கமும் இல்லை. இறுதியாண்டு புராஜெக்ட் செய்து தரப்படும் என்று பலகையே மாட்டி வைத்திருக்கிறார்கள்.

மாணவர்களுக்கு ஆர்வமில்லை என்று பேராசிரியர்கள் சலித்துக்கொள்கிறார்கள். ஆர்வம் கொள்ளத்தக்க எதை அவர்கள் முன் வைத்தோம் என்பதே என் கேள்வி. செஞ்சிக்கு அருகே மேலச்சேரியில் திரௌபதி அம்மன் கோயில் இருக்கிறது. அந்த வழிபாட்டையும் அதைச் சூழ்ந்த பாரதக் கூத்தையும் ஆராய அமெரிக்காவிலிருந்து ஆல்ஃப் ஹில்டபைட்டல் வந்தார். செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை நீளும் அவருடைய பெருநூலின் முதல் தொகுதி 1988இல் வெளியானது. தீமிதியன்று தோளில் உட்கார்ந்து கூத்துப் பார்த்து வளர்ந்த பிள்ளையோ விழுப்புரத்துக்கோ திண்டிவனத்துக்கோ பேருந்தேறிப் போய், தான் முழுதாக வாசிக்காத ஒரு நாவலில் உவமைகளை எண்ணிக்கொண்டிருக்கிறது. கூத்து தெரியும் என்று அது சொன்னால், தரவு நூல் எது என்று நெறியாளர் கேட்கிறார்.

நடுநாட்டுச் சொல்லகராதியை எடுத்துக்கொள்வோம். 2007இல் வெளிவந்த அந்த அகராதியைத் தொகுத்தவர் கண்மணி குணசேகரன். விருத்தாசலம் பக்கத்துக்காரர், அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனைத் தொழிலாளி. இப்பகுதித் தமிழ்த்துறைகளில் ஆண்டுதோறும் குவியும் ஏடுகளைச் செய்தவர்கள் ஆளுக்கு இருபது சொல் சேகரித்திருந்தாலும் இந்த வேலை எப்போதோ முடிந்திருக்கும். கரிசலுக்கு அகராதி செய்த கி.ராஜநாராயணன் கல்லூரிப் படியேறாதவர். அவரை அழைத்துப் பேராசிரியர் நாற்காலியில் அமர்த்திய பெருமை பக்கத்திலிருக்கும் புதுவைப் பல்கலைக்கழகத்துக்கு உண்டு. புதுவை வட்டாரக் கதைகள் தொகுக்கப்பட்டதும் அப்படித்தான். முன்மாதிரி இல்லை என்று எவரும் சொல்லிவிட முடியாது.

மரக்காணம் உப்பளத்தில் பாத்தி கட்டுவது முதல் உப்பு வாருவது வரை ஒவ்வொரு நிலைக்கும் தொழிலாளர்களிடம் பெயர் இருக்கிறது. அளத்தில் கூலிக்குப் போகும் தாயின் மகள் முதுகலை வகுப்பில் உட்கார்ந்திருக்கலாம். அவள் தாயிடம் ஒரு வாரம் கேட்டு எழுதினால் அது ஆய்வு. திண்டிவனத்தைச் சுற்றி வாழும் இருளர்களின் குடும்பத்திலிருந்து ஒருவர் பட்டமேற்படிப்புக்கு வருவதற்கே எத்தனை தடைகள்! வந்தவரிடமும் வேறொருவர் இருளரைப் பற்றி எழுதிய நூலிலிருந்து மேற்கோள் கேட்பது என்ன நியாயம்?

முதல் தலைமுறைப் பட்டதாரிகள், மாலையில் கடைவேலை, கடைசிப் பேருந்தைப் பிடிக்கும் அவசரம், இவர்களைக் களத்துக்கு அனுப்புவது கொடுமை என்று வாதிடுவோருண்டு. களம் என்றால் இவர்கள் மனத்தில் ஏதோ தொலைதூரம். மாணவருக்குக் களம் அவருடைய தெருதான். கணினி மையத்துக்குக் கொடுக்கும் பணமாவது மிஞ்சும். கௌரவ விரிவுரையாளர்களின் சொற்ப ஊதியத்தையும் பணிச்சுமையையும் சுட்டுவோரின் வாதம் மட்டும் வலுவானது. நாளை வேலை நிலைக்குமா என்று தெரியாதவரிடம் இருபது மாணவர்களை ஒப்படைத்துவிட்டு ஆய்வுத்தரம் பேசுவது அரசின் பாசாங்கு. அதற்காக இரு தரப்பும் சேர்ந்து பொய்யேடு பைண்டு செய்ய வேண்டியதில்லை. முப்பது பக்கம் உண்மையாக எழுதினால் போதும்.

இதை இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு புதிய விதிமுறைகளில் எம்.ஃபில். பட்டத்தைக் கைவிட்டது. முனைவர் பட்டத்துக்குப் போகாத பெரும்பாலோருக்கு வாழ்நாளில் எழுதும் ஒரே ஆய்வு இந்தத் திட்டக்கட்டுரைதான். விழுப்புரம் கல்லூரிகளோ சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து திருவள்ளுவருக்கும், 2021க்குப் பிறகு அண்ணாமலைக்கும் கை மாறிவிட்டன. முத்திரைகள் மூன்று மாறியும் அந்த ஐந்து இயல்கள் மாறவில்லை.

செய்யக்கூடியது சிறிதுதான். யாரிடம், எந்த ஊரில், என்றைக்குக் கேட்டது என்ற பட்டியல் இல்லாத ஏட்டைப் புறத்தேர்வாளர் திருப்பி அனுப்பட்டும். ஏற்கப்பட்ட ஏட்டின் ஒரு படி துறைத்தலைவரின் பூட்டிய பீரோவுக்குப் போகாமல் மாவட்ட மைய நூலகத்துக்குப் போகட்டும். உப்பளத்துத் தாயோ அவளுடைய பேத்தியோ என்றாவது வந்து கேட்டால் எடுத்துக் கொடுக்க முடியும்.