அறுவை அரங்கும் அளக்கப்படாத அச்சமும்

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, மயிலாப்பூரிலும் அடையாறிலும் தனியே வாழும் மூதாட்டியர் பலர். மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்ததும் அவர்களுக்குச் சர்க்கரை, ஈசிஜி, எக்கோ என எல்லாப் பரிசோதனைகளும் நடக்கின்றன. அச்சத்தை மட்டும் எவரும் அளப்பதில்லை.

1990-இல் ஜப்பானிய மருத்துவர்கள் ஓர் இதயக் கோளாறை விவரித்தனர். கடும் மன அதிர்ச்சியாலோ உடல் வேதனையாலோ அட்ரினலின் போன்ற சுரப்புகள் பெருக்கெடுக்க, இதயத்தின் இடது கீழறை நுனி இயக்கம் தளர்ந்து பலூன்போல் உப்புகிறது. ஆக்டோபஸ் பிடிக்கும் பானையை ஒத்திருந்ததால் அதற்கு 'டகோட்சுபோ' எனப் பெயரிட்டனர். அறிகுறிகள் மாரடைப்பைப் போன்றவையே; ஆஞ்சியோகிராமில் அதற்குரிய அடைப்பு மட்டும் இராது. பாதிக்கப்படுவோரில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் பெண்கள். அவர்களிலும் பெரும்பாலோர் மாதவிடாய் நின்ற வயதினர். பலர் சில வாரங்களில் தேறிவிடுகின்றனர் என்றாலும், இதைத் தீங்கற்றது எனக் கருத இயலாது, உயிரிழப்பும் உண்டு.

அறுவை சிகிச்சையின்போது மன அதிர்ச்சியும் உடல் வேதனையும் ஒருசேர வருகின்றன. மயக்கத்தில் இருப்பவரால் நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லவும் முடியாது. இரத்த அழுத்தம் சரிகிறதே என்று அட்ரினலின் வகை மருந்தைச் செலுத்தினால் நிலைமை மேலும் மோசமாகலாம்.

அச்சத்தைக் குறைக்க வழி உண்டா? 1964-இல் அமெரிக்காவின் பாஸ்டனில், வயிற்று அறுவை சிகிச்சைக்குச் செல்லும் 97 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. வலி எப்படி இருக்கும், அதை எப்படிச் சமாளிப்பது என்று ஒரு சாராரிடம் மயக்கவியல் மருத்துவர் முன்கூட்டியே விளக்கினார். அவர்களுக்கு வலிநீக்கி மருந்து ஏறத்தாழ பாதியே தேவைப்பட்டது. மற்றவர்களைவிட இரண்டு நாள்களுக்கு மேல் முன்னதாகவே வீடு திரும்பினர். இத்தகைய உரையாடல் டகோட்சுபோவைத் தடுத்துவிடும் என்று சொல்ல வரவில்லை. ஆனால், இவ்வளவு மலிவான மருத்துவம் ஏன் அரிதாகிவிட்டது?

பொருளாதாரம் படித்தவனுக்கு விடை கடினமன்று. எக்கோவுக்குக் கட்டணம் உண்டு. ஆறுதலாக அரைமணி நேரம் பேசுவதற்குப் பட்டியலில் வரியில்லை. போதாக்குறைக்குக் கட்டணமே ஓர் அச்சம். ரொக்கமில்லாச் சிகிச்சைக்கான ஒப்புதலைக் காப்பீட்டு நிறுவனங்கள் ஒரு மணி நேரத்துக்குள் தர வேண்டும் என 2024-இல் ஒழுங்குமுறை ஆணையம் ஆணையிட்டது. நல்லதுதான். எனினும் கைப்பணம் எவ்வளவு போகும் என்பது வீடு திரும்பும் நாளில்தான் தெரிகிறது.

கிண்டியில் 2024-இல் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மையம் இதைத் தொடங்கிவைக்கலாம். சிகிச்சைக்கு முந்தைய நாள் மயக்கவியல் மருத்துவருடன் தமிழில் அரைமணி நேரப் பேச்சு, மொத்தச் செலவின் எழுத்துப்பூர்வ மதிப்பீடு. காப்பீட்டுத் தொகுப்பில் இவற்றுக்கென ஒரு கட்டணம். கடல் கடந்திருக்கும் மகனோ மகளோ அந்தப் பேச்சில் காணொளி வழியே கலந்துகொள்ளவும் இடமளிக்கலாம்.