கறுப்புப் புடவை இல்லை, அரக்குச் சிவப்பு!

பழைய கறுப்பு-வெள்ளைப் படத்துக்குக் கம்ப்யூட்டரில் வண்ணம் ஏற்றித் தருவது இப்போது எங்கள் திண்டுக்கல் பக்கமும் சக்கைப்போடு போடுகிறது. பாட்டிக்குத் திவசம் என்றால் உடனே படத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். கொஞ்சம் பொறுங்க தோழிகளே!

1930களில் எடுத்த எங்கள் பாட்டியின் கல்யாணப் படம் அப்படித்தான் கடைக்குப் போய், கருநீலப் புடவையும் கறுப்புப் பொட்டுமாகத் திரும்பி வந்தது. மாநிறத்துப் பாட்டிக்கு ரோஸ் பவுடர் பூசிய முகம் வேறு! "கல்யாணப் பொண்ணு கறுப்புப் பொட்டா வைப்பா? இது எங்கம்மாவே இல்ல" என்று எண்பது வயதைத் தாண்டிய பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாட்டி கட்டியது அரக்குச் சிவப்பு. புடவை இன்னும் பெட்டியில் இருக்கிறது. ஆனால் பேரப்பிள்ளைகளுக்கு அவர் இப்போதே 'நீலப் புடவைப் பாட்டி' ஆகிவிட்டார்.

அந்தக் காலத்தில் பரவலாக இருந்த 'ஆர்த்தோகுரோமேட்டிக்' ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. குங்குமம், கூரைப்புடவை எல்லாம் கறுப்பாக விழும், நீலம் வெளுத்துப்போகும். (ஸ்டுடியோ இருட்டறையில் சிவப்பு பல்பு எரியுமே, பிரிண்ட் போடும் தாளுக்கும் சிவப்பு தெரியாது என்பதால்தான்!) பிறகு வந்த 'பான்குரோமேட்டிக்' ஃபிலிமில் சிவப்பும் பதியும். உங்கள் படம் எதில் எடுத்தது என்று கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? குத்துமதிப்பாக ஒரு வண்ணத்தை அப்பிவிடும்.

வண்ணம் இல்லாவிட்டாலும் துணியைப் படிக்கலாம். நம் சின்னாளபட்டிச் சுங்குடி என்றால், முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்த புள்ளிகள் வெள்ளை வெள்ளையாகத் தெரியும். கையால் முடிந்தது ஒரே அளவாக இராது. பட்டு என்றால் மடிப்பு விளிம்பில் வெளிச்சம் பளிச்சென்று கோடு போடும். பருத்தி அப்படி மின்னாது. நிற்கிற விதமும் பேசும். எங்கள் பாட்டி முந்தானையை முன்னால் இழுத்து, கரை தெரிய விரித்து, வளையல் கையை அதன்மேல் வைத்திருக்கிறார். கூச்சம் என்கிறார்கள் வீட்டில். எனக்கென்னவோ பெருமையாகத்தான் தெரிகிறது.

பகல் வெளிச்சமும் பின்னால் ஒரு திரையும் வைத்துத்தான் நம்ம ஊர் ஸ்டுடியோக்காரர்கள் இதையெல்லாம் பிடித்தார்கள். 1950-ல் பாரிஸின் ஃபேஷன் உடைகளை 'வோக்' பத்திரிகைக்காக எடுத்த இர்விங் பென்னும் பழைய நாடகத் திரையையும் பகல் வெளிச்சத்தையும்தான் நம்பினார். அந்தப் படங்களை உலகம் இன்றும் கறுப்பு-வெள்ளையாகவே கொண்டாடுகிறது.

வண்ணம் ஏற்றியே ஆகணும் என்றால், பெரியவங்க இருக்கும்போதே புடவை நிறத்தைக் கேட்டு ஒரு தாளில் எழுதிக் கடையில் கொடுங்கள். பழைய படத்தை மறக்காமல் திருப்பி வாங்கி வாருங்கள். புதுசு வந்ததும் அதைப் பரணில் போடாமல், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டுங்கள்.

- ஒரு வாசகி, சின்னாளபட்டி