பாதுகை சுமந்த பாலகன்

வியாழக்கிழமை மாலை எங்கள் இல்லத்தில் விளக்கு துலக்கும் நேரம். மறுநாள் பூஜைக்காக என் மனைவி புளியும் சாம்பலும் கொண்டு குத்துவிளக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இரண்டரை வயதுப் பேத்தி ஓடி வந்து, "நானும், நானும்" என்று புளிக்கரைசலில் கையை விட்டாள். அருகில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்த நான், "சட்டையெல்லாம் கறையாகிவிடும். நீ போய் விளையாடு" என்றேன். குழந்தை முகம் வாடி உள்ளே சென்றுவிட்டாள்.

மனைவி விளக்கிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "இதைத்தானே இவள் அப்பாவிடமும் சொன்னீர்கள்?"

உண்மைதான். நான் வங்கிப் பணியில் ஊர் ஊராக மாற்றலாகிச் சென்ற காலம் அது. காலை அவசரத்தில் மகன் துடைப்பத்தைத் தொட்டாலும், உண்ட தட்டைக் கழுவ எடுத்துச் சென்றாலும், "உனக்கு எதற்கு இது? போய்ப் படி" என்பதே என் வழக்கம். அவனும் நன்றாகப் படித்தான். அவன் கல்லூரி இறுதியாண்டில் இருந்தபோது, என் மனைவி அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியிருந்தாள். ஒரு நாள் மாலை நான் அலுவலகத்திலிருந்து வந்தபோது, அவள் ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி அடுப்படியில் நின்று தனக்குத் தானே கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். மகன் அடுத்த அறையில் புத்தகமும் கையுமாக இருந்தான். அவன் பாசமற்றவன் அல்லன். தாயின் நோய்க்காகக் கண்ணீர் விட்டவன். ஆயினும், அடுப்படியில் தனக்கும் ஒரு வேலை உண்டு என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை. தோன்றாதபடி வளர்த்தவன் நான்.

அன்றிரவு எனக்கு ஸ்ரீமத் பாகவதத்தின் ஒரு காட்சி நினைவுக்கு வந்தது. தசம ஸ்கந்தத்தில், உரலோடு கட்டுண்ட கண்ணன் மருத மரங்களைச் சாய்த்த லீலையை அடுத்து வருவது அது. கோகுலத்துப் பெண்கள் குழந்தைக் கண்ணனிடம், அந்தப் பலகையை எடுத்து வா, படியை எடுத்து வா, பாதுகையை எடுத்து வா என்று ஏவுகிறார்கள். அவனும் எடுத்து வருகிறான். சில வேளைகளில் தூக்க இயலாதவன்போல் பொருளைத் தொட்டுக்கொண்டே நிற்கிறான். உலகனைத்தையும் தாங்குபவன் ஒரு மரப்படியின் முன் திணறி நிற்பதைக் கண்டு அவர்கள் மகிழ்கிறார்கள். "உன்னால் ஆகாது, போ" என்று எவரும் அவனை விரட்டவில்லை.

இக்கால ஆய்வும் இதையொட்டியே பேசுகிறது. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் 2006ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முன்பின் அறியாத ஒருவர் கைதவறிப் போட்ட பொருளை, 18 மாதக் குழந்தைகள் தாமாகவே எடுத்துக் கொடுத்தனவாம். 2008இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், செய்த உதவிக்குப் பரிசுப்பொருள் பெற்ற 20 மாதக் குழந்தைகள், பின்னர் உதவ முன்வருவது குறைந்துபோயிற்று. வட்டி கணக்கிட்டே பழகிய என் போன்றவர்களுக்கு இது நல்ல பாடம். குழந்தை செய்த வேலைக்கு மிட்டாயைக் கூலியாக நீட்டாதீர்கள். "நீ கொடுத்த பூவைத்தான் சுவாமிக்குச் சாற்றினோம்" என்ற ஒரு சொல் போதும்.

என்ன வேலை கொடுக்கலாம்? இரண்டு வயதுக் குழந்தை கழற்றிய துணியைக் கூடையில் போடும்; கறிவேப்பிலை உருவும்; பூஜைக்குப் பூவை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கும். மூன்று வயதில், சிறு செம்பில் துளசிக்கு நீர் வார்க்கலாம். சிந்திய நீரைத் துடைக்கலாம். நான்கு, ஐந்து வயதில் மொச்சை உரிக்கலாம், துண்டு மடிக்கலாம், உண்பவருக்கு இடப்புறம் நுனி வரும்படி வாழையிலை போடலாம். மகனுக்கும் மகளுக்கும் இதில் வேறுபாடு வேண்டாம்.

எச்சரிக்கையும் தேவை. அடுப்பு, அரிவாள்மணை, கொதிநீர், எரியும் விளக்கு ஆகியவற்றின் அருகே சிறு குழந்தையை விடலாகாது. நீர் நிறைந்த வாளியும் ஆபத்தானதே. பெரியவர் ஒருவர் எப்போதும் உடனிருக்க வேண்டும். மற்றொன்று, குழந்தை மடித்த துண்டை அதன் கண்ணெதிரே பிரித்து மீண்டும் மடிக்காதீர்கள். 'நான் செய்தது பயன்படவில்லை' என்று அது கற்றுக்கொள்ளும்.

அடுத்த வியாழனன்று நானே பேத்தியை அழைத்தேன். அவள் வரவில்லை, தலையை அசைத்துவிட்டுப் பொம்மையோடு அமர்ந்திருந்தாள். ஒரே ஒரு முறை விரட்டியதற்கே அந்தப் பலன்! அதற்கு அடுத்த வாரம் நான் அழைக்கவில்லை. நாளிதழை மடித்து வைத்துவிட்டு, மனைவியின் எதிரே தரையில் அமர்ந்து விளக்கின் தண்டைத் தேய்க்கத் தொடங்கினேன். சற்று நேரத்தில் என் தோளருகே ஒரு மூச்சு கேட்டது. பூஜை மணியை அவள் கையில் கொடுத்தேன்.

வேலை முடிய இருமடங்கு நேரமாயிற்று. அவள் சட்டையும் கறையாயிற்று. மணியின் ஒரு பக்கம் மங்கலாகவே இருந்தது. அதை நாங்கள் மறுபடி துலக்கவில்லை. வெள்ளிக்கிழமை தீபாராதனையின்போது அந்த மணியை அவளே அடித்தாள்.

அன்பர்களே, உங்கள் இல்லத்திலும் ஒரு குழந்தை "நானும்" என்று ஓடி வரும். அப்போது கண்ணன் பாதுகை சுமந்ததை எண்ணிச் சற்று இடம் விட்டு அமருங்கள்.